நடுவானில் மயங்கிய அப்பா: ஒரு மகளின் கடிதத்துக்கு வைத்தியரின் பதில்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தைச் சேர்ந்த வாசகி ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய தந்தைக்கு 71 வயது. நீண்ட காலமாக நீரிழிவு. காலையும் மாலையும் கலவை இன்சுலின் போடுகிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயக் குழாயில் அடைப்பு ஏற்பட்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். லண்டனில் இருக்கும் பேத்தியின் பூப்புனித நீராட்டு விழாவுக்காக மகளும் அவரும் புறப்பட்டிருக்கிறார்கள். வியாழன் இரவு பத்து மணிக்கு வீட்டு வாசலில் வான் ஏறி, விடியப்புறம் கட்டுநாயக்கவில் இறங்கினார்கள். வழியில் சிறுநீர் கழிக்க வண்டியை அடிக்கடி நிறுத்தச் சொல்ல வேண்டி வருமே என்று அப்பா தண்ணீரே குடிக்கவில்லை. காலை ஏழரை மணிக்கு, வழக்கமான நேரம் வந்துவிட்டது என்று விமான நிலையத்திலேயே இன்சுலினைப் போட்டுக்கொண்டார். சாப்பிட்டது அரை பணிஸும் சீனி போடாத தேத்தண்ணீரும். அன்று வெள்ளிக்கிழமை. விமானத்தில் வந்த தட்டில் கோழிக்கறி இருந்ததால் அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வளைகுடா நாடொன்றை நோக்கிப் பறந்துகொண்டிருந்த விமானத்தில், ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழிந்தபோது அப்பாவுக்கு வியர்த்திருக்கிறது. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லியிருக்கிறார். களைப்பாக இருக்கும், தூங்கட்டும் என்று மகள் போர்வையைப் போர்த்திவிட்டார். பிறகு நெஞ்சுவருத்தம்தானோ என்ற பயத்தில், கைப்பையில் இருந்த மாத்திரையை எடுத்து நாக்கின் கீழ் வைத்தார். இப்படியே இருபது நிமிடங்கள் போயின. தலை சரிந்த பிறகுதான் மணியை அழுத்தியிருக்கிறார். பணியாளர்கள் ஓடிவந்து, அப்பாவைச் சமையல் பகுதித் தரையில் கிடத்தி, காலை உயர்த்தி, ஒட்சிசன் கொடுத்து, பயணிகளில் வைத்தியர் யாரேனும் இருக்கிறாரா என்று அறிவித்தார்கள். ஒரு பெண் வைத்தியர் வந்தார். “இதய நோயாளி” என்று மட்டுமே மகளுக்குச் சொல்ல வந்தது. கிளினிக் கொப்பி சரக்கில் போட்ட பெட்டிக்குள். அப்பாவின் சட்டைப் பையில் இருந்த மருந்து உறையில் எழுத்து வியர்வையில் கரைந்துபோயிருந்தது. அந்த வைத்தியர் சட்டையை உயர்த்தி, வயிற்றில் இருந்த சிறு சிறு ஊசித் தழும்புகளைப் பார்த்துவிட்டு, “இன்சுலினா?” என்று கேட்டிருக்கிறார். விரலில் குத்திப் பார்த்தபோது சீனி 48, மிகக் குறைவு. நாளத்தில் குளுக்கோஸ் ஏற்றியதும் பத்து நிமிடத்தில் கண் திறந்தார்.

இறங்கியதும் விமான நிலைய வைத்தியர்கள் சோதித்தார்கள். அன்றைய லண்டன் விமானத்தில் ஏற்றவில்லை. மறுநாள் சான்றிதழ் கிடைத்த பிறகே அனுமதித்தார்கள். தங்குமிடச் செலவும் டிக்கெட் மாற்றிய செலவும் இவர்கள் தலையில். இப்போது தம்பி, விமானி உடனே கொழும்புக்குத் திருப்பியிருக்க வேண்டும், வழக்குப் போடுவோம் என்கிறார். சொந்தக்காரர்கள், ஸ்டென்ட் வைத்தவர் இனிப் பறக்கவே கூடாது என்கிறார்கள். ஆறு வாரத்தில் அப்பா ஊர் திரும்ப வேண்டும். என்ன செய்வது என்பது கேள்வி.

அன்புள்ள சகோதரி,

முதலில் அப்பா நலமாக இருப்பது எனக்கு மிகுந்த ஆறுதல். “நான்தான் அப்பாவைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன்” என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் ஏற்கமாட்டேன். மணியை அழுத்தியதும் நீங்கள்தான், பக்கத்தில் இருந்து பதில் சொன்னதும் நீங்கள்தான். ஆனாலும் அந்த நாளில் நடந்தவற்றைத் தெளிவாகப் பேசத்தான் வேண்டும். ஆறு வாரத்தில் அதே மனிதர் அதே இன்சுலினோடு மறுபடியும் விமானம் ஏறப் போகிறார்.

அப்பாவின் இதயம் அன்று உங்களைக் கைவிடவில்லை. வளைகுடாவில் எடுத்த ஈசிஜியிலும் இரத்தப் பரிசோதனையிலும் புதிய மாரடைப்புக்கான அடையாளம் இல்லை என்று நீங்கள் அனுப்பிய தாளிலேயே இருக்கிறது. நடந்தது சீனி இறங்கிய மயக்கம். கலவை இன்சுலின் போட்ட அரை மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கி, பல மணி நேரத்துக்குச் சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும். வீட்டில் ஊசிக்குப் பிறகு இடியப்பமும் சொதியும் வரும் என்று அது எதிர்பார்க்கிறது. அன்று வந்தது அரை பணிஸ். அதன் மேல் ஓர் இரவு தூக்கமின்மை, தண்ணீரின்மை. நண்பகலில் அவர் மயங்கியதில் எனக்கு எந்த வியப்பும் இல்லை.

அந்த இருபது நிமிடங்கள்

நீங்கள் ஏன் உடனே மணியை அழுத்தவில்லை என்பதற்கு நீங்களே காரணம் எழுதியிருக்கிறீர்கள்: “எல்லாரும் தூங்குகிறார்கள், வெள்ளைக்காரர் பார்க்கிறார்கள், சும்மா கரைச்சல் கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன்.” இதைப் படித்தபோதுதான் இந்தக் கடிதத்துக்கு விரிவாகப் பதில் எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். எங்கள் ஆட்களிடம் இது ஆழமாக ஊறிய குணம். வைத்தியசாலை விடுதியில்கூட, நெஞ்சு வலிக்கிறது என்று தாதியை எழுப்பாமல் விடியும்வரை காத்திருக்கும் முதியவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நாற்பதாயிரம் அடி உயரத்தில் அந்தக் கூச்சத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். பணியாளர்கள் உணவு பரிமாற மட்டும் வந்தவர்கள் அல்லர். முதலுதவியும் நெஞ்சழுத்தமும் அவர்களுடைய கட்டாயப் பயிற்சி. சொல்லவேண்டிய வார்த்தைகள் சில: “இவர் இன்சுலின் போடுபவர். வியர்க்கிறது, பேச்சுத் தடுமாறுகிறது.” அந்தக் கட்டத்தில் சொல்லியிருந்தால் ஒரு குவளை தோடம்பழச் சாற்றோடு விஷயம் முடிந்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது.

இன்சுலின் போடுபவர் ஒருவர் குளிர்ந்து வியர்த்து, கோபப்பட்டு, அல்லது உளறத் தொடங்கினால், வேறு எதுவென்று நிரூபிக்கும்வரை அதைச் சீனி இறக்கம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா பிரஷருக்கும் இதயத்துக்குமாக பீட்டா தடுப்பான் வகை மாத்திரை எடுக்கிறார். அது கை நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. ஆகவே அவருக்கு வியர்வைதான் நம்பகமான எச்சரிக்கை. விழிப்பாக இருந்து விழுங்கக்கூடியவராக இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்தோ, ஒரு குவளை பழச்சாறாகவோ உடனே கொடுக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் மறுபடி சோதித்து, குறைவாகவே இருந்தால் இன்னொரு முறை. தெளிந்த பிறகு பிஸ்கட்டோ சோறோ பாணோ கட்டாயம் சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் இன்சுலின் மறுபடியும் சீனியை இறக்கும். நீரிழிவுக்காரருக்குச் சீனி கொடுக்கலாமா என்று தயங்காதீர்கள். ஒருவேளை காரணம் வேறாக இருந்து சீனி கொஞ்சம் ஏறிவிட்டாலும், அந்த நேரத்தில் அதனால் பெரிய கேடு இல்லை. கொடுக்காமல் விடுவதுதான் மூளையைத் தாக்கும்.

மயங்கிய பிறகு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. தலை சரிந்ததும் பதற்றத்தில் தண்ணீர் பருக்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சுவாசக் குழாய்க்குள் போயிருக்கலாம். மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து மூச்சைக் கவனிப்பதுதான் முறை.

நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது நெஞ்சு இறுக்கத்துக்கான மருந்து. இரத்தக் குழாய்களை விரித்துப் பிரஷரைக் குறைக்கும். நெஞ்சு வலி இல்லாமல், தண்ணீர் குடிக்காமல் உலர்ந்துபோன ஒருவருக்கு அதைக் கொடுத்தால் மயக்கம் இன்னும் விரைவாகலாம். “இதயக்காரருக்கு எது நடந்தாலும் இந்த மாத்திரை” என்ற எண்ணம் எங்கள் வீடுகளில் பரவலாக இருக்கிறது. அதைக் கைவிடுங்கள். நெஞ்சில் வலியோ இறுக்கமோ இருந்தால் மட்டும், உட்காரவைத்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது.

விமானி ஏன் திரும்பவில்லை?

உங்கள் தம்பியின் கோபம் பாசத்தால் வந்தது. ஆனால் விமானத்தை இறக்குவது நிறுத்தத்தில் பஸ்ஸை ஓரங்கட்டுவதைப் போன்றதல்ல. நீங்கள் சொல்லும் நேரக் கணக்கின்படி விமானம் அரபிக் கடலுக்கு மேலே இருந்திருக்கும். கொழும்பும் இரண்டு மணி நேரம், போகவேண்டிய இடமும் ஏறக்குறைய அதே தூரம். இடையில் ஓர் இந்திய விமான நிலையத்துக்குத் திரும்பினாலும் இறங்கத் தொடங்கியதிலிருந்து தரையைத் தொடவே அரை மணி நேரம் ஆகும். வைத்தியசாலைக்குப் போய்ச் சேர இன்னும் எவ்வளவோ. நீண்ட தூரத்துக்கு எரிபொருள் நிரப்பிய விமானம் இறங்கும் எடை வரம்பையும் தாண்டியிருக்கலாம். இறுதி முடிவு தலைமை விமானியுடையது. அவர் தனியாகவும் முடிவெடுப்பதில்லை. பல நிறுவனங்கள் தரையில் இருபத்துநான்கு மணி நேரமும் இருக்கும் வைத்தியர்களோடு வானொலியிலோ செய்மதித் தொலைபேசியிலோ பேசியே முடிவெடுக்கின்றன. பணிப்பெண் ஒருவர் காதில் தொலைபேசியை வைத்துக்கொண்டு அப்பாவின் வயதைக் கேட்டார் என்று எழுதியிருக்கிறீர்களே, அது இந்த உரையாடலாகத்தான் இருந்திருக்கும்.

மாரடைப்பு, பக்கவாதம், நிற்காத வலிப்பு போன்றவற்றுக்கு ஒவ்வொரு நிமிடமும் தரையில் இருக்கும் வைத்தியசாலைக்கே சொந்தம். அங்கே திருப்புவது நியாயம். சீனி இறக்கத்துக்கு வேண்டிய மருந்து விமானத்தின் பெட்டியிலேயே இருந்தது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு பரிந்துரைக்கும் மருத்துவப் பெட்டிப் பட்டியலில் 50 வீதக் குளுக்கோஸ் கரைசல், அட்ரினலின், அஸ்பிரின், பிரஷர் பார்க்கும் கருவி எல்லாம் அடங்கும். கண் திறந்து, பேரைச் சொல்லி, பிஸ்கட் சாப்பிட்ட ஒருவருக்காக விமானத்தைத் திருப்பாதது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

2013 இல் நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின் ஏட்டில் வந்த ஆய்வு ஒன்று, 2008 முதல் 2010 வரை விமானங்களில் நடந்த 11,920 மருத்துவ அவசரங்களை ஆராய்ந்தது. ஏறக்குறைய 604 பறப்புகளுக்கு ஒன்று. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மயக்கமும் மயக்கம் வரும் நிலையும்தான். பயணியாக வந்த ஒரு வைத்தியர் உதவியது பாதிக்குச் சற்றுக் குறைவான சந்தர்ப்பங்களில். திருப்பப்பட்டவை 7 வீதமளவில், இறந்தவர்கள் 0.3 வீதம். பக்கத்து இருக்கையில் எப்போதும் ஒரு வைத்தியர் இருப்பார் என்று நம்ப முடியாது என்பதை இதில் கவனியுங்கள். உங்களுக்கு உதவியவரின் பெயரை நிறுவனம் தராவிட்டாலும், பறப்பு இலக்கத்தையும் திகதியையும் குறிப்பிட்டு எழுதினால் நன்றிக் கடிதத்தை அவருக்கு அனுப்பிவைக்கும்படி கேட்கலாம். அவசியம் செய்யுங்கள். வயிற்றுத் தழும்பைப் பார்த்து நோயைக் கண்டுபிடித்த அந்தப் பெண், படித்த படிப்புக்குப் பெருமை சேர்த்திருக்கிறார்.

வழக்கும் செலவும்

சட்டப் பகுதியைச் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டுத் தெளிந்துகொண்டே எழுதுகிறேன். சர்வதேசப் பறப்புகளில் பயணிக்கு ஏற்படும் உடற்கேட்டை 1999 ஆம் ஆண்டின் மொன்ட்ரியல் சமவாயம் ஆள்கிறது. இலங்கையும் பிரித்தானியாவும் அதில் இருக்கின்றன. அதன் 17 ஆம் உறுப்புரையின்படி நட்டஈடு கேட்க, விமானத்திலோ ஏறி இறங்கும்போதோ ஒரு “விபத்து” நடந்திருக்க வேண்டும். அதற்கு முன்பிருந்த வார்சோ சமவாயத்திலும் இதே சொல்தான் இருந்தது; பயணிக்கு வெளியிலிருந்து வந்த, எதிர்பாராத அல்லது வழமைக்கு மாறான நிகழ்வே விபத்து என்று 1985 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதற்கு விளக்கம் சொன்னது. உடலுக்குள்ளிருந்தே எழும் நோய் அதில் அடங்காது. நீண்ட பயணத்தில் காலில் இரத்தம் உறைந்தவர்கள் தொடுத்த வழக்கில், 2005 இல், அப்போது அங்கே அதியுயர் நீதிமன்றமாக இருந்த பிரித்தானியப் பிரபுக்கள் சபையும் இதே வழியில் நின்று அவர்களுடைய கோரிக்கையை நிராகரித்தது.

பணியாளர்கள் நடந்துகொள்ளும் விதம் சில வேளைகளில் விபத்தாகக் கருதப்படும். புகைபிடிக்கும் வரிசைக்கு அருகே அமர்ந்த ஆஸ்துமாக்காரரை இடம் மாற்றும்படி அவருடைய மனைவி மூன்று முறை கெஞ்சியும் பணிப்பெண் மறுத்து, அவர் இறந்துபோன வழக்கில், 2004 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பயணி தரப்புக்கே தீர்ப்பளித்தது. உங்கள் கதை அதற்கு நேரெதிர். அழைத்ததும் வந்தார்கள், அறிவித்தார்கள், பெட்டியைத் திறந்தார்கள். இந்த வழக்கில் பணத்தையும் மனநிம்மதியையும் செலவழிக்காதீர்கள் என்பதே என் ஆலோசனை. தம்பி பிடிவாதமாக இருந்தால், வந்துசேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளட்டும்.

அடுத்த விமானத்தில் ஏற்றாததும் அநியாயமல்ல. நடுவானில் நினைவிழந்த ஒருவரை இன்னும் ஏழு மணி நேரம் பறக்கவிடுவதற்கு முன் வைத்தியச் சான்றிதழ் கேட்கும் உரிமை பயண நிபந்தனைகளிலேயே இருக்கிறது. நானாக இருந்தாலும் அன்று ஏற்றியிருக்கமாட்டேன். செலவைக் கேட்க வேண்டிய இடம் பயணக் காப்புறுதி. நீங்கள் எடுத்த காப்புறுதியில் நீரிழிவையும் ஸ்டென்டையும் குறிப்பிடவில்லை, கட்டணம் கூடும் என்று முகவர் சொன்னார் என்கிறீர்கள். அப்படியானால் கோரிக்கை நிராகரிக்கப்படுவதற்கே வாய்ப்பு அதிகம். திரும்பும் பயணத்துக்கு, லண்டனில் அவர் இருக்கும் நாட்களையும் சேர்த்து, நோய்களை மறைக்காமல் புதிய காப்புறுதி கிடைக்குமா என்று தம்பியை விசாரிக்கச் சொல்லுங்கள். அங்கே அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம் என்றாலும், வருகை விசாவில் போனவரை விடுதியில் அனுமதித்தால் கட்டணம் மிகப் பெரிது.

அப்பா மீண்டும் பறக்கலாமா?

பறக்கலாம். விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் உள்ளதைவிடக் குறைவு என்பது உண்மை. ஏறக்குறைய 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். நுவரெலியா நகரம் 6,000 அடிக்குச் சற்று மேலே. பீதுருதலாகல உச்சி 8,281 அடி. சென்ற ஆண்டு அப்பா நுவரெலியாவில் மூன்று நாள் தங்கி, பூங்காவில் நடந்து திரிந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தட்டையான தரையில் ஐம்பது மீற்றரும், ஒரு மாடிப்படி வரிசையும் மூச்சு வாங்காமல், நெஞ்சு இறுகாமல் கடக்க முடிந்தால், நிலையாக இருக்கும் இதய நோயாளிக்குப் பொதுவாகப் பறக்கத் தடையில்லை. ஸ்டென்ட் வைத்து இரண்டு ஆண்டு கழிந்தும் அறிகுறி இல்லாதவரைப் பிடித்துவைக்க வேண்டியதில்லை. புதிதாக நெஞ்சு வலி, கால் வீக்கம், படுத்தால் மூச்சுத் திணறல் வந்தால் மட்டும் திட்டத்தை நிறுத்தி, இதய வைத்தியரைப் பாருங்கள்.

புறப்படுவதற்கு முன் சில ஏற்பாடுகள் கட்டாயம்:

உணவு. டிக்கெட்டில் சைவ உணவைக் குறைந்தது இரண்டு நாளுக்கு முன்பே பதிவு செய்யுங்கள். பட்டியலில் “இந்து உணவு” என்று ஒன்று இருக்கும். பல நிறுவனங்களில் அதில் மாட்டிறைச்சி மட்டும்தான் இருக்காது, கோழியோ ஆடோ மீனோ வரும். அப்பாவுக்கு வேண்டியது “ஆசிய சைவ உணவு” என்ற தெரிவு. அதை நம்பியும் இருக்காதீர்கள். பிஸ்கட், வாழைப்பழம், சீனிப் பொட்டலம் ஆகியவை இருக்கைக்கு முன்னால் உள்ள பையில் இருக்கட்டும். மேலே உள்ள பெட்டியில் வைத்தால் அவசரத்தில் கைக்கு வராது.

இன்சுலின். உணவுத் தட்டு முன்னால் வந்த பிறகே ஊசி. லண்டனிலிருந்து கிழக்கே பறக்கும்போது நாள் சுருங்கும். வழக்கமான அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடலாம். எந்த நேரத்தில் எத்தனை அலகு என்பதைத் லண்டனில் பார்க்கும் வைத்தியரிடம் எழுத்தில் வாங்குங்கள். நீங்களாகக் குறைக்கவோ கூட்டவோ வேண்டாம். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் ஒருபோதும் போடாதீர்கள். உறைந்தால் பயனற்றுப் போகும். சீனி பார்க்கும் கருவி கையில் இருக்கட்டும். ஏறுமுன் ஒரு முறை, பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, சந்தேகம் வந்தால் உடனே.

மருந்துத் தாள். ஒரே தாளில் ஆங்கிலத்தில் எழுதுங்கள்: நோய்கள், மருந்துகளின் பொதுப் பெயரும் அளவும், ஒவ்வாமை, ஸ்டென்ட் வைத்த ஆண்டு, வீட்டுத் தொலைபேசி இலக்கம். வணிகப் பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறும். பொதுப் பெயரை எந்த வைத்தியரும் புரிந்துகொள்வார். “இன்சுலின்” என்பது மேலே, பெரிய எழுத்தில். ஒரு பிரதி உங்களிடம், ஒரு பிரதி அப்பாவின் சட்டைப் பையில் பொலித்தீன் உறைக்குள். கிளினிக்கில் தரும் தாள் உறைகளை நம்பிப் பயணம் போகக் கூடாது. ஊசிகளுக்கான வைத்தியர் கடிதமும் கைப்பையில் இருக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் அப்பாவோடு நீங்கள் சண்டை போடத்தான் வேண்டியிருக்கும். வான் சாரதியிடம் புறப்படும்போதே, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்த வேண்டும் என்று பேசிவிடுங்கள். கட்டுநாயக்கவில் இறங்கியதும் அன்றிரவே யாழ்ப்பாணத்துக்கு வண்டி பிடிக்காமல், நீர்கொழும்பிலோ கொழும்பிலோ ஓர் இரவு தங்கி வருவது அவருக்கு நல்லது. விமானத்தில் நடைபாதையோர இருக்கை கேளுங்கள்; எழுந்து கழிவறைக்குப் போவதற்கு யாரையும் எழுப்ப வேண்டியதில்லை என்று தெரிந்தால் அவரே குடிப்பார். ஏறி அமர்ந்ததும் பணிப்பெண்ணிடம், இவர் இன்சுலின் போடுபவர், உணவு தாமதமானால் முன்கூட்டியே சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பாகவே, வளைகுடாவில் தந்த அறிக்கையோடு லண்டனில் ஒரு வைத்தியரைச் சந்தியுங்கள். நினைவிழந்த சம்பவம் நிறுவனத்தின் பதிவில் இருக்கும் என்பதால், மருத்துவத் தகவல் படிவம் வேண்டுமா என்று அதே நிறுவனத்திடம் இப்போதே கேட்டுவிடுங்கள். வாசலில் வைத்துக் கேட்டால் மறுபடியும் ஒரு நாள் போகும். அப்பாவின் மூன்று மாதச் சராசரிச் சீனி அளவு என்னவென்று நீங்கள் எழுதவில்லை. அது மிகவும் குறைவாக இருந்தால், வீட்டிலேயே அவருக்குச் சீனி அடிக்கடி இறங்குகிறது என்று அர்த்தம். அப்போது இன்சுலின் அளவையே மாற்ற வேண்டியிருக்கும். அந்தப் பரிசோதனையை இந்த வாரமே செய்து, முடிவை எனக்கு எழுதி அனுப்புங்கள்.